சமஸ்தானத்து நாள்

ரங்கூனில் க்யிம்யிண்டைங் அம்மன் கோயிலின் பங்குனித் திருவிழாவில் மூன்று மண்டகப்படிகள் உண்டு. முதல் நாள் துறைமுகத்தாருடையது. இரண்டாம் நாள் ரயில்வேக்காரர்களுடையது. மூன்றாம் நாள் சமஸ்தானத்து நாள். புதுக்கோட்டை சமஸ்தானத்திலிருந்து கப்பலேறியவர்கள் தங்களை வெள்ளைக்காரன் குடிகள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ராஜாவின் குடிகள் என்றுதான் சொன்னார்கள். அன்றைக்கு மட்டும் சன்னதியில் ஒரு வெற்று நாற்காலி போடுவார்கள். அர்ச்சகர் "சமஸ்தானம்!" என்று குரல் கொடுத்து, முதல் பரிவட்டத்தை அந்த நாற்காலியின் முதுகில் கட்டுவார். அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

நாற்பத்தெட்டில் சமஸ்தானத்தை மதராசோடு இணைத்துவிட்ட சேதி கப்பலில் வந்தது. மண்ணைத்தானே இணைத்தார்கள், மரியாதையை யாரும் கேட்கவில்லையே என்று இங்கிருந்தவர்கள் நாற்காலியைத் தொடர்ந்து போட்டார்கள். ராஜா இல்லாத ராஜாங்கம் ரங்கூனில் இத்தனை வருஷம் நடந்துகொண்டிருந்தது.

சமஸ்தானத்தாரில் இப்போது கோயில் பக்கம் மிஞ்சியது மாரிச்சாமியின் வீடு ஒன்றுதான்.

கோயில் கமிட்டிச் செயலாளர் சுரேந்திரன் ரயில்வேக் குடும்பம். திருவிழாவுக்கு முன்பு ஒரு மாலையில் வந்து, லபெயே டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"மூணையும் ஒரே நாளா இணைச்சிரலாம்ணே," என்றார் கடைசியில். "கரண்டு இல்ல. ஜெனரேட்டருக்கு எண்ணெய் கிடைக்கல. இருட்டுறதுக்குள்ள சனம் வீடு போகணும்."

"நாற்காலி?"

"ராஜாவே வரல. நாற்காலிக்கு எதுக்குண்ணே பரிவட்டம்? உங்க தலையில கட்டுறோம். உங்க ஆயுசுக்கும் முதல் மரியாதை உங்களுக்குத்தான்."

மாரிச்சாமி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சைக்கா ரிக்‌ஷா காலியாகப் போனது.

"ராஜாவுக்கும் இப்படித்தான் சொன்னாங்க," என்றார்.

"என்னன்னு?"

"பட்டம் இருக்கும், மானியம் வரும், மரியாதை குறையாதுன்னு. இருபது சொச்சம் வருஷத்துல எல்லாத்தையும் எடுத்துட்டாங்க."

"நாங்க எடுக்க மாட்டோம்ணே."

"நீ எடுக்க மாட்டே."

உள்ளேயிருந்து மனைவி அம்சவேணி குரல் கொடுத்தாள். "முடியாதுன்னு சொல்லுங்களேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

முடியாது என்றால் மூன்றாம் நாளை அவரே நடத்த வேண்டும். சாமி தூக்க நாலு தோள் வேண்டும். பபேடான் பேட்டைக்குக் குடிபோய்விட்ட தங்கள் ஆட்களுக்கு ஏற்கெனவே போன் செய்து பார்த்திருந்தார். பிள்ளைகள் எடுத்து பர்மியில் பேசினார்கள். சமஸ்தானம் என்றால் என்ன கடை என்று ஒருத்தி கேட்டாள்.

கோபம் வரும் என்று மாரிச்சாமி காத்திருந்தார். வரவில்லை. உள்ளே எங்கோ மரத்துப்போன இடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பது போலிருந்தது.

"யபாதே," என்றார். சரி என்று தமிழில் சொல்ல வாய் வரவில்லை.

திருவிழா பகலிலேயே நடந்தது. அர்ச்சகர் "மாரிச்சாமி!" என்று கூப்பிட்டார். அந்த வீட்டு மனிதர் ஒருவர் தலையில் முதன்முறையாகப் பரிவட்டம் ஏறியது. அம்சவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தானும் அழ வேண்டுமோ என்று மாரிச்சாமி யோசித்தார். அதற்குள் துறைமுகத்தார் முன்னே வந்துவிட்டார்கள். ஒதுங்கி வழிவிட்டார். வெயிலுக்குத் தலை கசகசத்தது; துணியை அவிழ்த்து அம்சவேணியின் பையில் வைத்தார்.

பந்தியில் இரண்டு வரிசை போட்டிருந்தார்கள். தான்லினிலிருந்து சமைக்க வந்திருந்த தமிழ்மணி என்ற அம்மாள் சாம்பார் வாளியோடு அவரை நிறுத்தினாள்.

"துறைமுகத்து ஆளுங்க இந்தப் பக்கம், ரயில்வே அந்தப் பக்கம். நீங்க எதுலண்ணே?"

மாரிச்சாமி இரண்டு வரிசைகளையும் பார்த்தார். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள்.

"எங்கம்மா இடம் இருக்கு?" என்று கேட்டார்.

அவள் கரண்டியால் காட்டினாள். அவர் போய் உட்கார்ந்தார்.