பன்னிரண்டு கிலோமீட்டர் மேனேஜர்

கடைக்குள் ரெங்கராஜ் ஓட ஆரம்பித்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. மேனேஜர் சீதாராமனின் மேஜை கவுண்ட்டரிலிருந்து பதினாலு அடி தூரத்தில்தான் வழக்கமாக இருக்கும். இன்று காலுக்குக் கீழே வெள்ளை டைல்ஸ் வந்துகொண்டே இருந்தது, தலைக்கு மேலே டியூப்லைட்டும் ஏசிக் குளிரும் கூடவே வந்தன, மேஜை மட்டும் வரவில்லை. அதன் பின்னால் சீதாராமன் கடுகளவு தெரிந்தார். மணி இரண்டு. ஏழரைக்கு அபுதாபியில் திருச்சி ஃபிளைட். பாஸ்போர்ட் அந்த மேஜை டிராயரில். நாளை காலை பெரம்பலூரில் அவன் மனைவி உமாராணிக்கு ஆபரேஷன். புருஷன் வந்து கையெழுத்துப் போடாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்றரைக்குள் காரில் ஏறியாக வேண்டும். ரெங்கராஜ் நின்றான், குனிந்து மூச்சு வாங்கினான், வந்த வழியே திரும்பி ஓடினான்.

அல் ஐன் ஊரின் தொழிற்பேட்டையான சனையாவில், டயர் கடைக்கு அடுத்ததாக இருக்கிறது அந்தக் கடை. ஷூட்டிங் கிளப்காரர்களுக்கு, ரைஃபிள் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் விற்பார்கள். பிப்ரவரியில் வந்த சரக்கில் நாலு, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு பவர் ஸ்கோப்புகள் நாலும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. சரியான பக்கம் கண் வைத்துப் பார்த்தால், பார்த்தது பவருக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் கிட்டே வந்து அங்கேயே நின்றுவிடும். மாற்றிப் பிடித்துப் பார்த்தால் அதே வீதம் தள்ளிப் போய்விடும். ரெங்கராஜ் நாலு பவரை டெஸ்ட் செய்ய வாசலிலிருந்து ஜெபல் ஹஃபீத் மலையைப் பார்த்துவிட்டான். மலை நாலு கிலோமீட்டர் ஊருக்குள் வந்தது, டாக்ஸிக் கட்டணம் ஒன்பது திர்ஹம் குறைந்தது, டிரைவர்கள் ஒரு வாரம் முணுமுணுத்து ஓய்ந்தார்கள். எந்தப் பொருளையும் ஒரு தடவைதான் இழுக்க முடியும், தள்ளியதைவிடப் பவர் கூடினால் தாண்டிப் போய் விழும் என்பது டயர் கடைப் பூனையால் தெரிந்தது. ஆறில் தள்ளி ஒன்பதில் இழுத்த பூனை, மூன்று கிலோமீட்டர் தாண்டி ஒட்டகச் சந்தையில் இப்போதும் சௌக்கியமாக இருக்கிறது. முதலாளி அர்பாப் வந்து பார்த்தார். இந்த நாலையும் விற்க வேண்டாம், அடித்தட்டில் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீதாராமன் சென்னைக்காரர், எம்.பி.ஏ. வந்த கஸ்டமர் தலையிலெல்லாம் இருப்பதிலேயே பெரிய பவரைக் கட்டுவார். ரெங்கராஜ் அவர்களைத் தனியே நிறுத்தி, "பவர் கூடினா சுடற இடம் பெருசாத் தெரியும் பாய், பக்கத்துல என்ன நடக்குதுன்னு ஒண்ணும் தெரியாது. ஆறு போதும்" என்பான். அந்தப் பகை ஏழு வருஷத்துப் பகை. ஆட்களின் பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பது சட்டப்படி தப்பு. ஆகவே சீதாராமன் டிராயருக்கு இரண்டு பூட்டு போட்டிருந்தார். தினம் ஒரு மணிக்கு அவர் மனைவி பத்மா துணிப்பையில் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவருவார். முதல் வருஷம் ஒருநாள், பாவம் கனக்கிறதே என்று ரெங்கராஜ் அதை வாங்கி மேஜைக்குக் கொண்டுபோனான். சீதாராமன் அப்படியே குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார். "உன் கை பட்டது எனக்கு இறங்காது" என்றார், பத்மாவின் முன்னாலேயே. அன்றிலிருந்து கேரியர் உள்ளே வந்தால் ரெங்கராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

அன்று பன்னிரண்டே முக்காலுக்கு ரெங்கராஜ் பாஸ்போர்ட்டைக் கடைசியாகக் கேட்டான்.

"சீசன் முடியட்டும், பார்க்கலாம்."

"சார், அவளுக்கு ஆபரேஷன் சார்."

"நீ என்ன சர்ஜனா? யல்லா, குடோனுக்குப் போ."

"ஒருநாள் இல்லே ஒருநாள் உங்களை எங்க நிறுத்தறேன் பாருங்க" என்று கவுண்ட்டர் அதிர ரெங்கராஜ் கத்தியதை, உடன் வேலை பார்க்கும் கீழக்கரை இர்ஷாத் கேட்டான், எதிர்க் கடைக்காரர்களும் கேட்டார்கள். அவன் குடோனுக்குப் போனான். சீதாராமன் சாவிக்கொத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன் எப்போதும் செய்வதுபோல் ஐந்து நிமிடம் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒன்று பத்துக்கு ஒரு கூச்சல், வரவர மெலிந்துபோன கூச்சல். ரெங்கராஜ் ஓடிவந்தபோது மேனேஜர் மேஜையோடு தூரத்தில் போயிருந்தார். பத்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "அவர் இன்னைக்குச் சாப்பிட வரமாட்டார், ரெங்கராஜ். நீ சாப்பிட்டுடு" என்றார். அதிர்ச்சியில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்து, அவன் ஓட ஆரம்பித்தான்.

அவன் திரும்பி வந்து சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். போன் அடித்தது. சீதாராமன்.

"டேய், நீதானேடா? எனக்கு ஓமன் நெட்வொர்க் வெல்கம் மெசேஜ் அனுப்புதுடா! ரோமிங் காசை உன் சம்பளத்துல பிடிப்பேன்!"

"நான் இல்ல சார். எந்தப் பவர்ல போனீங்கன்னு சொல்லுங்க, இழுத்துடறேன். பாஸ்போர்ட்டைக் குடுத்துருங்க."

"பாஸ்போர்ட் மாஃபி, கிடையாது! உன்னை இங்கேயே மட்க வைக்கிறேன். காட்டான்!"

போனில் அந்தக் காட்டான் கேட்டு முடிந்து, வெகுநேரம் கழித்து அதே காட்டான் காற்றில் தனியாக வந்து சேர்ந்தது. ரெங்கராஜுக்குப் பொறி தட்டியது. "இர்ஷாத்து, வாட்ச்சைப் பாரு. இன்னொரு தடவை திட்டச் சொல்றேன்." சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த வசவு போனில் விழுந்ததும் இர்ஷாத் எண்ண ஆரம்பித்தான். முப்பத்தாறு செகண்ட். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று செகண்ட், அப்படியானால் பன்னிரண்டு. ஆறும் இல்லை, ஒன்பதும் இல்லை. அடித்தட்டிலிருந்து பன்னிரண்டு பவர் பெட்டியை இழுத்துத் திறந்தான். உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் மட்டும் கிடந்தது.

ஒன்பதை எடுத்தான். ஒன்பதில் இழுத்தால் மேனேஜர் மூன்று கிலோமீட்டரில் நிற்பார், அப்புறம் அவரை நகர்த்தவே முடியாது, ஆனால் ஓடிப்போய் டிராயரை உடைக்கலாம். கண்ணில் வைக்கப் போன கையை இர்ஷாத் பிடித்தான். "மாப்ள, காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல நீ. விழுந்து செத்துருவ. அந்தம்மா சாப்பிடச் சொல்லிட்டுத்தானே போச்சு?"

"அது அவரு கேரியரு." ரெங்கராஜ் ஸ்கோப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அவரு பன்னெண்டு கிலோமீட்டர்ல இருக்காருய்யா!"

ரெங்கராஜ் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தான். பத்மா கவுண்ட்டரில் வைத்துவிட்டுப் போன துணிப்பையைத் தொட்டான். கேரியருக்குப் பக்கத்தில் துண்டு சுற்றி நீளமாக ஏதோ நின்றது. பிரித்தால் பன்னிரண்டு பவர் ஸ்கோப். மேல் தட்டில் ரசம், நடுவில் பீன்ஸ், அடித்தட்டில் பிளாஸ்டிக் கவரில் அவனுடைய பாஸ்போர்ட். ஒன்று பத்திலிருந்து அது அந்தக் கவுண்ட்டரில்தான் இருந்தது.

போன் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. இழுடா, இழுடா என்று. ரெங்கராஜ் ஸ்கோப்பைத் துண்டால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினான். போனை எடுத்தான். "சீசன் முடியட்டும் சார், பார்க்கலாம்" என்றான்.

உமாராணி ஒன்பதாம் நாள் எழுந்து நடந்தாள். ரெங்கராஜ் லீவு முடிந்து திரும்பினான். அதற்குப் பிறகு இரண்டு சீசன் முடிந்துவிட்டது. சீதாராமன் அங்கேயே இருக்கிறார். அர்பாப் அவருக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது, சுகர் குறைந்துவிட்டதாகக் கேள்வி. கஸ்டமர்கள் அவரிடம் போனில் பேசுகிறார்கள், வசவு மட்டும் முப்பத்தாறு செகண்ட் கழித்துத் தனியாக வந்து சேர்கிறது. அவரை அங்கே தள்ளியது ரெங்கராஜ்தான் என்று சனையா முழுக்கச் சொல்கிறது. அவன் மறுப்பதில்லை.

இர்ஷாத்திடம்கூட அவன் ஒன்றைச் சொல்லவில்லை. அன்று மாலை ஃபிளைட்டில் அவனுக்கு இரண்டு வரிசை முன்னால், ஜன்னல் ஓரம், கைப்பை ஒன்றோடு பத்மா உட்கார்ந்திருந்தார். "விஷாலைப் பார்க்கப் போறேன்" என்றார். கோவையில் காலேஜில் படிக்கும் மகன். அவனைச் சேர்த்துவிடக்கூட அவர் போகவில்லை.

"எனக்காகவா மேடம் இவ்வளவும் பண்ணீங்க?"

பத்மா சிரிக்கவில்லை. மடியிலிருந்த பாஸ்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். மூலையில் டிராயர் துரு ஒட்டியிருந்தது.

"உன்னோடது மேல இருந்தது, அதையும் எடுத்தேன். என்னோடது அடியில இருந்தது. நாலு வருஷமா."