வெள்ளரளி உத்தரவு

முனியசாமிக்குப் பிள்ளை இல்லை. செத்த பிறகு பேர் சொல்ல, ஊர்த் தலைமையான அம்பலம் என்ற பட்டமாவது வேண்டும் என்று அலைந்தார். ஆசைப்பட்டதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அதற்கு அவர் பிடித்த வழிதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சுதந்திரம் வந்து எட்டாம் வருடம். தேவிபட்டினத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் கண்மாய்த் தண்ணீர் ஒரு போகத்துக்கே இழுபறி. மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தால் இரண்டு போகம் விளையும் என்றார் முனியசாமி. அதைச் செய்து காட்டினால் அவர்தான் அம்பலம் என்று ஊரும் ஒத்துக்கொண்டது. ஆனால் கரை தாங்குமா? அய்யனாரிடம் பூக்கட்டிக் கேட்போம் என்றார்கள். இரண்டு பூவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு ஒன்றை எடுப்பது; வெள்ளரளி வந்தால் உத்தரவு, செவ்வரளி வந்தால் கூடாது.

முந்தின நாளே முனியசாமி தனியாகப் போய்க் கேட்டுப் பார்த்தார். சிவப்பு. மறுபடி கேட்டார். மறுபடியும் சிவப்பு. வெள்ளிக்கிழமை ஊர் கூடியபோது இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டிவிட்டார் மனுசன். பூசாரி குருநாதன் ஒன்றை எடுத்துப் பிரித்தார். பெண்கள் குலவை போட்டார்கள். இன்னொன்றை முனியசாமி மடியில் செருகிக்கொண்டார். கலுங்கு அடைபட்டது, பட்டமும் வந்தது.

கூத்து அதற்குப் பிறகுதான். பொய்யாகக் கட்டியவரே அதை நம்பத் தொடங்கினார். 'வேண்டாமென்றால் அய்யனார் என் கையை முடக்கியிருக்க மாட்டாரா? விட்டுவிட்டாரே, அதுதான் உத்தரவு' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வேறு யாரிடம் சொல்ல முடியும்? கண்மாய்க் கரையில் தனியாகவே நடந்துகொண்டிருப்பார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. தண்ணீர் கரையை முட்டியது. கரைக்கடியில்தான் அவர் வீடு. மனைவி ராக்கு துணிமூட்டையோடு வாசலில் நின்றாள்.

"மேட்டுல எந்தங்கச்சி வீட்டுக்குப் போயிருவோம். எனக்குப் பயமாருக்கு."

"வெள்ளைப் பூ வந்துச்சுல்ல, அப்புறமென்ன? அம்பலம் பொண்டாட்டியே ஓடுனா ஊரு என்ன நினைக்கும்?"

ராக்கு கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, அய்யனாரு சொன்னா சொன்னதுதான்" என்று மூட்டையை அவிழ்த்தாள். அவர் கரையைப் பார்த்து வரக் கிளம்பினார்.

உச்சிப் பொழுதில், அவர் மறுகோடியில் நின்றபோது, வீட்டுக்கு நேரே கரை உடைந்தது. மூன்றாம் நாள் தேவிபட்டினம் கடலோரத்தில் ராக்குவைக் கண்டெடுத்தார்கள்.

காரியம் முடிந்த அன்று முனியசாமி ஊர் நடுவில் எல்லாவற்றையும் சொல்லிக் கதறினார். ஒருவரும் நம்பவில்லை.

"சாமி மேல குத்தம் வரக்கூடாதுன்னு தன் மேல போட்டுக்கிறாரு. எம்புட்டுப் பெரிய மனசு!" என்று அவரையே அம்பலமாக வைத்துக்கொண்டார்கள். சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

அன்று நம்பியது ராக்குவின் தங்கை முருகம்மாள் மட்டும். கூட்டம் கலைந்ததும் அவர் எதிரே வந்து நின்றாள்.

"ஊருக்குச் சொல்லாட்டிப் போகுது மச்சான். எங்கக்காகிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

அதன் பிறகு அவளும் அவரிடம் பேசவில்லை.