இரண்டு மணி நாற்பது நிமிடம்

எங்கள் அலுவலகத்துக்குக் கடிகாரத்தோடு ஒருவர் வந்தால், அவர் ஆட்களைக் குறைக்கத்தான் வந்திருக்கிறார் என்று அர்த்தம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலையை ஐந்து நிமிடத்தில் செய்து காட்டினால், அப்புறம் எதற்கு இத்தனை பேர் என்று கேள்வி வரும். அதனால் அளக்க வந்தவர் முன்னால் நாங்கள் எல்லோரும் ஆமையாகிவிடுவோம். நானும் ஆனேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தின் ஆவண அறை என் பொறுப்பு. எந்தத் தொழிற்சாலையில் எந்த அதிகாரி சோதனை போட்டாலும், அவர் எழுதும் அறிக்கை கடைசியில் கீழ்த்தளத்தில் இருக்கும் என் அறைக்குத்தான் வரும். தொழிற்சாலைக்கு ஒரு கோப்பு. மொத்தம் பதினெட்டு அலமாரி. கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்டதை எடுத்துக் கொடுப்பேன். என்னோடு இன்னொருவர் இருக்கிறார். மேல்தட்டுக் கோப்புகளை ஏணி போட்டு எடுப்பதால் எல்லோருக்கும் அவர் ஏணிக்காரர், எனக்கு மட்டும் அண்ணன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் தலைமையகத்திலிருந்து ஸ்டாப்வாட்சோடு வந்து இறங்கினார். கண்காணிப்பாளர் எங்கள் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"நிதானமா எடுங்க. ஓடி ஓடி எடுத்துக் குடுத்துட்டு, நாளைக்கு வேலை போச்சுன்னு எங்கிட்ட வந்து அழக் கூடாது."

எடுத்தோம் பாருங்கள் ஒரு நிதானம்! சாவியைத் தேடவே இருபது நிமிடம். சாவி என் இடுப்பில் இருந்தது. பதிவேட்டில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். அண்ணன் ஏணியைப் பதினெட்டு அலமாரிக்கும் நகர்த்தி, ஏறி, இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். வராத தும்மலை எல்லாம் நான் தும்மினேன். கண்ணாடிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து முகம் சுளிக்காமல் குறித்துக்கொண்டார். இரண்டு மணி நாற்பது நிமிடம். போகும்போது எங்களுக்கு நன்றி வேறு சொன்னார். அவர் தலை மறைந்ததும் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த மனுஷன் ஆள் குறைக்க வரவே இல்லை. கட்டணம் போட வந்தார்.

இரண்டு மாதம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. பொதுமக்கள் கேட்கும் அறிக்கையைத் தேடித் தர அலுவலகத்துக்கு என்ன செலவாகிறதோ அதை அவர்களிடமே வசூலிக்க வேண்டுமாம். இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு என் சம்பளம், அண்ணன் சம்பளம், மேலே கையெழுத்துப் போடும் கண்காணிப்பாளர் சம்பளம். மின்விளக்குச் செலவு. அலமாரித் தேய்மானம். ஏணித் தேய்மானம்கூட இருந்தது! இவ்வளவும் ஒரு வருடத்து அறிக்கைக்கு. எந்த வருடம் என்று தெரியாமல் மூன்று வருடத்துக்குக் கேட்டால் மூன்று மடங்கு. எல்லா வருடமும் ஒரே கோப்புக்குள்தான் இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றிய நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால், அன்றைக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று கேட்பார்களே.

போன புதன்கிழமை ஒரு பெண் படியிறங்கி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் மேல்மாடிக் கவுண்டரில் எழுதிக் கொடுத்த கட்டணச் சீட்டு.

"மேடம், எந்த வருஷம்னு சரியா சொன்னா காசு குறையும்னு மேல சொன்னாங்க. எனக்கு எப்படித் தெரியும்? இங்க கேட்டுப் பாருன்னு அனுப்பினாங்க."

சீட்டில் தொழிற்சாலையின் பெயரைப் பார்த்ததும் எந்த இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான்கு மாதத்துக்கு முன்னால் கொதிகலன் வெடித்து மூன்று பேர் செத்துப்போன இடம். அந்த மூவரில் ஒருவரான கொதிகலன் ஓட்டுநரின் மனைவி இவள் என்று சீட்டிலேயே எழுதியிருந்தது. நீராவி அழுத்தம் ஏறியபோது அவர் தூங்கிவிட்டார், அதனால்தான் வெடித்தது என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்துவிட்டது.

"செத்துப்போன மத்த ரெண்டு பேரும் எங்க தெருதான். தண்ணி பிடிக்கப் போனா அந்த வீட்டுப் பொம்பளைங்க குடத்தைத் தூக்கிட்டுத் தள்ளிப் போறாங்க. என் பையனை, உங்கப்பன்தான கொன்னான்னு ஸ்கூல்ல கேக்குறாங்க. அந்த வால்வு சரியில்ல, சரியில்லன்னு அவர் தினம் புலம்புவார் மேடம். சோதனை பண்ண ஆபீசரும் அதை எழுதியிருப்பாராமே. வெள்ளிக்கிழமை விசாரணை. அந்தப் பேப்பர் இல்லாம நான் போய் என்ன பேசுறது?"

சீட்டில் போட்டிருந்த தொகையைப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கும் சேர்த்து, ஒரு கொதிகலன் ஓட்டுநரின் ஒரு மாதச் சம்பளம். அவள் கேட்கும் கோப்பு என் நாற்காலியிலிருந்து பதினைந்தடி தூரத்தில், ஏழாவது அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. பணம் கட்டிய ரசீது இல்லாமல் அதைத் தொட்டால் எனக்கு வேலை போகும். என் திருட்டுத் தும்மலுக்கெல்லாம் இந்தப் பெண் காசு கொடுக்க வேண்டும். எனக்கு ரத்தம் கொதித்தது. அவளைப் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தேன்.

சுற்றறிக்கையில் பதினோராவது விதி ஒன்று உண்டு. கட்டணம் அதிகம் என்று நினைக்கும் மனுதாரர், தன் கண் முன்னால் மறுபடி அளந்து காட்டும்படி கேட்கலாம். எவ்வளவு நேரம் ஆகிறதோ அதற்கு மட்டும் கட்டினால் போதும். யாரும் கேட்டதில்லை. அப்படி ஒரு விதி இருப்பதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

"மேல போய், பதினோராவது விதிப்படி மறு அளவீடு வேணும்னு எழுதிக் குடுங்க. நாளைக்கே வேணும்னு எழுதுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க," என்றேன்.

கடைசியாகச் சொன்னேனே, அதுதான் நான். அவ்வளவு ஆவேசத்திலும் என் தோலைக் காப்பாற்றிக்கொள்ள மறக்கவில்லை.

சாயங்காலமே கண்காணிப்பாளர் இறங்கி வந்துவிட்டார். "யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. இருக்கட்டும். போன தடவை மாதிரியே நிதானமா எடுங்க. கொஞ்சம் முன்னபின்ன ஆனா பரவாயில்ல."

அவர் போனதும் அண்ணன் என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. வேண்டாம்மா. நாலு நிமிஷத்துல எடுத்துக் காட்டினா, ஏணிக்கு எதுக்கு ஒரு ஆளுன்னு முதல்ல என்னைத்தான் தூக்குவாங்க. பெரியவளுக்கு இது கடைசி வருஷம். படிச்சு முடிக்கட்டும்."

"அந்தப் பொண்ணு என்னண்ணே பண்ணுவா?"

"நம்மளா வெடிக்க வச்சோம்?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் சொன்னபோது என் கணவர், "நீ ஒருத்தி நேர்மையா இருந்து அரசாங்கம் திருந்திடப் போகுதா?" என்றார். அவர் மீதும் எரிந்து விழுந்தேன். பாவம், அன்றைக்கு அவர் சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எல்லோரும் கூடினோம். கண்காணிப்பாளர் கைபேசியில் நேரம் ஓடவிட்டார். அந்தப் பெண் கதவோரம் நின்றாள். நான் நேராகப் போய் ஏழாவது அலமாரியின் பூட்டைத் திறந்தேன். கண்காணிப்பாளர் பொய்யாக இருமினார். நான் திரும்பவில்லை.

"அண்ணே, ஏணி."

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். சரி என்று நானே போய் ஏணியை இழுத்து வந்தேன். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். ஐம்பத்திரண்டு வயதில், பத்து வருடமாக ஏறாத ஏணி. நான்காவது படியில் அது ஆடியது. கீழே விழுந்து தொலையப் போகிறேன் என்று நினைத்தபோது ஆட்டம் நின்றது. குனிந்து பார்த்தால் அண்ணன் இரண்டு கையாலும் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைய தண்ணீர்.

கோப்பை இறக்கி மேசையில் வைத்தேன். "நேரம் சொல்லுங்க சார்."

"நாலு நிமிஷம்," என்றார் கண்காணிப்பாளர். அவர் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது.

நான்கு நிமிடத்துக்கு எவ்வளவு வரும்? அந்தப் பெண் பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையிலேயே கட்டிவிட்டு ரசீதோடு இறங்கி வந்தாள். நான் கோப்பைப் பிரித்தேன். அறிக்கை இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. பாதுகாப்பு வால்வு இறுகிவிட்டது, முப்பது நாளில் மாற்ற வேண்டும் என்று போன வருடமும், அதற்கு முந்தின வருடமும் ஒரே வாசகம். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிரதி எடுப்பதற்காகத் தாளைப் புரட்டினேன். அறிக்கைக்குப் பின்னால் ஒரு கோடு போட்ட தாள் கோத்திருந்தது. பெரிய பெரிய எழுத்தில், கையால் எழுதிய மனு. போன வருடத் தேதி. 'ஐயா, நான் கொதிகலன் ஓட்டுகிறேன். வால்வு கெட்டுவிட்டதாகச் சொன்னால் முதலாளி நம்பவில்லை. சோதனை அதிகாரி எழுதியதை எனக்குக் கொடுத்தால் காட்டி மாற்றச் சொல்லுவேன்.' அதன் குறுக்கே ஒரு ரப்பர் முத்திரை: கட்டணம் செலுத்தாததால் முடிக்கப்பட்டது. முத்திரைக்குக் கீழே, கோப்பில் சேர்த்ததற்கு அடையாளமாக ஒரு சுருக்கொப்பம். என்னுடையது.

அப்படி முடிந்துபோன மனுக்கள் வாரம் ஒரு கட்டு கீழே வரும். படிக்காமல் ஒப்பம் போட்டுத் தள்ளுவேன்.

அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இது அவர் எழுத்து," என்றாள். "இங்க வந்தாரா? எங்கிட்ட சொல்லவே இல்லையே." முத்திரையில் இருந்ததையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இதையும் குடுங்க."

"அது சோதனை அறிக்கையில சேராதும்மா," என்றார் கண்காணிப்பாளர். "வேணும்னா தனியா ஒரு மனு போடுங்க. அதுக்கான கட்டணம்..."

"வாய மூடுங்க சார்!"

இருபத்தாறு வருட வேலையில் ஒரு மேலதிகாரியைப் பார்த்து நான் அப்படிக் கத்தியதில்லை. அண்ணன் நடுங்கிப்போனார். தாளை உருவி நானே மெஷினில் வைத்துப் பிரதி எடுத்தேன். பிரதியைக் கொடுக்கும்போது, அந்தச் சுருக்கொப்பத்தை அவளுக்கு விரலால் தொட்டுக் காட்டினேன்.

"இது என்னோடது. நாலு நிமிஷ வேலைய ரெண்டு மணி நாப்பது நிமிஷம் இழுத்துக் காட்டினதும் நான்தான். ஆளைக் குறைச்சிருவாங்கன்னு பயந்துட்டோம். அதை வச்சுத்தான் காசு போட்டாங்க. அதனாலதான் அவர் கட்ட முடியாம திரும்பிப் போயிருக்கார்."

திட்டுவாள், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றேன். அவள் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இப்ப சொன்னதை நாளைக்கு அங்க வந்து சொல்லுவீங்களா?"

கண்காணிப்பாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"சொல்லுவேன்," என்றேன்.

"வந்தா மட்டும் உங்களை மன்னிச்சிருவேன்னு நினைக்காதீங்க," என்றாள். "பத்து மணிக்கு விசாரணை. லேட்டா வராதீங்க."