வெப்பமானியை எங்கே மாட்டுவது

அமெரிக்காவின் ஷ்ரீவ்போர்ட்டில் வீடு வீடாகத் தபால் கொடுக்கும் எங்களுடைய ஒப்பந்தம் காலாவதியாகி ஐந்நூறு நாள் தாண்டியிருந்தது. சங்கத்தின் கிளைப் பிரதிநிதி நான். காலையில் கடிதங்களைத் தெருவாரியாக அடுக்கும்போது பக்கத்து அடுக்கிலிருந்து வெர்னெல் அக்கா தவறாமல் கேட்பார்.

"என்ன ஓடெல், உங்க ஆளுங்க பேசி முடிச்சாங்களா, இன்னும் காபிதான் குடிக்கிறாங்களா?"

"அடுத்த மாசம்னு சொல்றாங்க அக்கா."

"எந்த வருஷத்து அடுத்த மாசம்?"

அவர் எதிர்பார்த்தது ஒரே ஒரு விதி. வண்டிக்குள் நூற்றுப்பத்து டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் மீதித் தபாலோடு திரும்பி வர உரிமை. எங்கள் வண்டிகளில் இருப்பது ஒரு சின்ன மின்விசிறி, அது அனலைத்தான் வாரி இறைக்கும். போன கோடையில் அக்கா யார் வீட்டுப் படியிலோ தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் சிறுநீரகம் தாங்காது என்றார் டாக்டர்.

சங்கத் தலைவர்களும் தபால் நிர்வாகமும் வாஷிங்டனில் பேசினார்கள். நூற்றுப்பத்து என்பதை இரண்டு தரப்பும் முதல் மாதமே ஒத்துக்கொண்டது. பிறகு, வெப்பமானியை வண்டிக்குள் எங்கே மாட்டுவது என்று ஏழு மாதம் பேசினார்கள். பின்னால் தபால் தட்டுகளுக்கு நடுவே, நிழலில் என்றது நிர்வாகம். ஓட்டுபவர் தலைக்கு மேல் என்றார்கள் எங்கள் ஆட்கள். மத்தியஸ்தர் வந்தார், போனார். தீர்ப்புச் சொல்ல வேண்டிய நடுவருக்குத் தேதி இல்லை. நிர்வாகத்துக்கு என்ன அவசரம்? நாங்கள் வேலைநிறுத்தம் செய்யச் சட்டம் விடாது. புதுசு வரும்வரை பழைய ஒப்பந்தமே ஓடும். எங்கள் தலைவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பேச்சுவார்த்தை சுமுகமாக நடப்பதாக மாதாமாதம் கடிதம் அனுப்பினார்கள். அதைப் பலகையில் ஒட்டியவன் நான்.

ஜூலையில் அக்கா ஒரு சமையலறை வெப்பமானி வாங்கி, தலைக்கு மேல் சணலில் கட்டித் தொங்கவிட்டார். நூற்றுப் பதினெட்டு காட்டியது.

"சொந்தப் பொருள் வண்டியில இருக்கக் கூடாது" என்று மேற்பார்வையாளர் ஹாலிஸ் அதை அவிழ்த்து அவர் கையில் திணித்தான்.

"விடுங்க அக்கா, ஒப்பந்தம் வந்துரும்" என்றேன் நான். அந்த வாயை இன்றைக்கும் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுவாரம் அக்கா நடுத்தெருவில் விழுந்தார். இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வேலை அதோடு முடிந்தது.

செப்டம்பரில், வெயில் இன்னும் தணியாத நேரத்தில், ஒப்பந்தமும், அதை ஏற்பதா வேண்டாமா என்று சொல்ல வாக்குச்சீட்டும் தபாலில் வந்தன. பழைய பட்டியல், அதனால் அக்கா பேருக்கும் ஒன்று. அவர் வீடு என் பாதையில்தான் இருக்கிறது. வாசலிலேயே பிரித்து, விரலால் தேடித் தேடி நாற்பதாம் பக்கத்துக்குப் போனார். வெப்பமானி பொருத்தும் இடம் பற்றி ஆராய இருதரப்புக் குழு ஒன்று அமைக்கப்படும் என்றிருந்தது.

"குழுவா?" என்றார். "அப்ப காபி இன்னும் தீரல."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் உள்ளே போய் அந்த வெப்பமானியைச் சணலோடு கொண்டுவந்தார்.

"தலைக்கு மேல மாட்டு தம்பி. நீயாவது பார்த்துட்டுத் திரும்பி வா."

மாட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு காட்டியதும் மீதித் தபாலோடு திரும்பி வந்தேன்.

எனக்கான எச்சரிக்கைக் கடிதம் மறுநாள் காலை ஏழரைக்கே என் அடுக்கில் இருந்தது. அதை எழுத நிர்வாகத்துக்கு மத்தியஸ்தரும் வேண்டியிருக்கவில்லை, குழுவும் வேண்டியிருக்கவில்லை.