கலினின் புல்வெளி

தோல்னா ரெக்கா ஒன்றியத்திலிருந்து ஓர் ஆள் வெளிநாடு போனால், அவர் பங்கு நிலமும் கூடவே போய்விடும். முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பியபோது பிளம் தோப்புகள் சுருங்கின. ஏழு கிலோமீட்டர் தள்ளியிருந்த பக்கத்து ஊர் மெல்ல மெல்ல நகர்ந்து வந்து எங்கள் தேவாலயச் சுவரில் சாய்ந்துகொண்டது. இரண்டு ஊர் மணிகளையும் ஒரே ஆள் இரண்டு கையால் அடித்தார். இங்கேயே இறந்தவர்களால் நிலம் குறையவில்லை. அவர்கள் அவரவர் வாசற்கதவில் ஒட்டிய இறப்பு அறிவிப்பில் படமாக இருந்தார்கள். போனவர் திரும்பி வந்து பேருந்திலிருந்து இறங்கினால் நிலமும் திரும்பிவிடும். போன இடத்தில் இறந்தாலும் திரும்பிவிடும், தொலைபேசி வருவதற்கு முன்பே.

ராத்காவின் ஒரே மகன் கலின் ஸ்ட்ராபெர்ரி பறிக்க ஸ்பெயினுக்குப் போனான். கிளம்புகிறவருக்கு வழி தண்ணீர் போல ஓடட்டும் என்று வாசலில் ஒரு வாளி நீர் ஊற்றுவது வழக்கம். அன்று ராத்கா கோபத்தில் நீர் ஊற்றாமல் வெறும் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் திருப்பத்தில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். மறுநாள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தொண்ணூறு அடி நீளப் புல்வெளி இல்லை. ஆறு சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஓடியது. அன்றிலிருந்து தினமும் ஜன்னல் வழியாகவே மொண்டு, தெருவில் ஊற்றினாள். பதினோரு வருடம்.

"இன்னும் ஊத்துறியாக்கா? உன் பையன் இதுக்குள்ள நீந்தியே வந்திருக்கலாம்," என்பான் பேருந்து ஓட்டும் பென்ச்சோ.

"வருவான்டா. நீ வண்டியைக் கவுக்காம ஓட்டு."

புனித ஜார்ஜ் திருநாளுக்கு மூன்று நாள் முன்பு, காலையில் ஜன்னலைத் திறந்தாள். புல்வெளி வந்திருந்தது, வாதுமை மரத்தோடு. ராத்கா நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு, நிறுத்தத்துக்கு ஓடினாள். பத்து மணி வண்டி வந்தது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை.

"பின்னாடி தூங்குறானா பாரேன்."

"பின்னாடி என் கோட்டுதான்க்கா கிடக்கு."

"ராத்திரியே வேற வண்டியில வந்திருப்பானோ?"

"இந்த ஊருக்கு வர்றது என் வண்டி ஒண்ணுதானேக்கா," என்ற பென்ச்சோ, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் ரொட்டியை அவனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், இறந்தவர்களுக்குப் படைக்கும் கோதுமையை வேகவைத்தாள். ஸ்பெயினிலிருந்து தொலைபேசி வந்தபோது கோதுமை ஆறிவிட்டிருந்தது.

நாற்பதாம் நாள் ஒன்றிய எழுத்தர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். பரப்பளவு கூடியது, மக்கள்தொகையில் மாற்றமில்லை என்று எழுதிக்கொண்டார். ஆறு பழைய இடத்துக்கே போய்விட்டதால் ராத்கா இப்போது வாளியோடு புல்வெளி முழுவதையும் கடந்து போய் மொண்டு வர வேண்டியிருக்கிறது. அவசரப்படுவதில்லை. கதவில் கலினின் படத்தை ஒட்டிய அன்று, தெருவில் கடைசி வாளியை ஊற்றினாள், கிளம்புகிறவனுக்கு ஊற்றுவதுபோல. அதற்குப் பிறகு எல்லா நீரும் வாதுமை மரத்துக்குத்தான்.