பிரிஜெட் கேட்ட ஒரு மாதம்

முதல் தவறு சின்னதுதான். மதராஸிலிருந்து மேனேஜருக்கு வந்த போனை பிரிஜெட் கேண்டீனுக்குப் போட்டுவிட்டாள். கேண்டீன் முனிராஜ் யாரோ விளையாடுவதாக நினைத்து, "உப்புமா தீர்ந்துபோச்சு சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆபீஸே சிரித்தது. பிரிஜெட்டும் சேர்ந்து சிரித்தாள்.

அதே வாரத்தில் இன்னும் நாலு தவறு நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

காக்ஸ் டவுனுக்கு அப்பால் இருந்த அந்த பிஸ்கட் கம்பெனியில், சுதந்திரம் வந்த வருஷம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவள் அவள். பதினோரு வருஷமாகிறது. உள்ளே முப்பத்தாறு இணைப்பு, வெளியே நூற்றுக்கும் மேல் நம்பர்கள், எல்லாம் மனப்பாடம். இப்போதோ தலைக்குள் மார்கழிப் பனி இறங்கினதுபோல இருந்தது. தெரிந்த நம்பர் நாக்கு நுனிவரை வந்து கரைந்துபோகும். கேட்டதையே மறுபடி கேட்பாள்.

ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் வெங்கடராமன் கூப்பிட்டனுப்பினார். "பிரிஜெட்டம்மா, தபால் செக்ஷன்ல ஒரு இடம் காலியா இருக்கு. உங்களுக்கும் நிம்மதி."

"ஒரு மாசம் குடுங்க சார். அப்பவும் சரியாகலேன்னா நானே தபாலுக்குப் போயிடறேன்."

சொன்ன வேகத்தில் அவளுக்கே ஆச்சரியம். ஆனால் சொன்னதை அவள் நம்பினாள்.

கணவன் ஓஸ்வால்ட் சொன்னதன் பேரில் கம்பெனி டிஸ்பென்சரிக்குப் போனாள். டாக்டர் யசோதா கண்ணைப் பார்த்தார், நாடி பார்த்தார், ரத்தம் எடுத்துச் சோதித்தார். எதிலும் குறையில்லை.

"காலையில என்ன சாப்பிடறீங்க?"

"டீ."

"அப்புறம்?"

"ஆபீஸ் போய் இன்னொரு டீ."

டாக்டர் சிரிக்காமல் கேட்டார்: "எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?"

பிரிஜெட்டுக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. சர்ச்சில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு கவுன் தைக்க ஒப்புக்கொண்டு, ஆறு மாதமாக அவள் நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை.

டாக்டர் மருந்து எழுதவில்லை. அவர் கேட்டதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில் பிரிஜெட் ஒரு சின்ன நோட்டு வாங்கினாள். தவறு நடந்தால் மணியை எழுதினாள், கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்பதையும் எழுதினாள். ஒரு வாரத்தில் பதினான்கு தவறு. பதினொன்று, காலை பதினொரு மணிக்கு மேல் வெறும் வயிற்றில் நடந்தவை. மிச்சம் மூன்றும் மத்தியானம் மூன்றரைக்குப் பிறகு.

"புத்தி கெடல, வயிறும் தூக்கமும்தான் கெட்டுக் கெடக்குது" என்று ஓஸ்வால்டிடம் நோட்டைக் காட்டினாள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற அவள் முயலவில்லை. முதலில் தையல். இரவு ஒன்பது மணி அடித்ததும் மெஷினுக்கு உறை போட்டாள். புதிதாக வந்த மூன்று கவுன்களைத் திருப்பிக் கொடுத்தாள்; ஒருத்தி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள், போகட்டும் என்று விட்டாள். பிறகு காலையில் மோர் ஊற்றிய ராகிக் கஞ்சி, கூடவே வறுத்த கடலை. நாளுக்கு எட்டு என்றிருந்த டீயை இரண்டாக்கியபோது மூன்று நாள் தலை வெடித்தது. ஓஸ்வால்ட்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். அவன் பொறுத்துக்கொண்டு, தன் டீயை வெளியே போய்க் குடித்தான்.

பஸ்ஸை விட்டுவிட்டு, வீடு இருந்த ஜீவனஹள்ளியிலிருந்து ஆபீசுக்கு நடந்தே வந்தாள். மத்தியானம் போர்டுக்கு முன்னாலேயே சோற்றைப் பிசைந்து தின்னும் பழக்கமும் போயிற்று. டைப் அடிக்கும் காந்தா அரை மணி நேரம் போர்டைப் பார்த்துக்கொள்ள, பிரிஜெட் வெளியே வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மூன்றாவது வாரம் நோட்டில் இரண்டே தவறு. நாலாவது வாரம் வியாழன்வரை ஒன்றுமில்லை.

அந்த வியாழன் பதினொன்றே காலுக்கு காகிதக் கிடங்கிலிருந்து பச்சைமுத்து பேசினான். "அக்கா, புகை வருது. நிறைய வருது."

"ஆளுங்கள வெளிய அனுப்பு. கதவைச் சாத்து. மத்தத நான் பாத்துக்கறேன்."

பட்டியலைத் திறக்க அவளுக்கு நேரமில்லை, தேவையும் இல்லை. தீயணைப்பு நிலையத்தின் நம்பர் தானாக வந்தது. "முன் ரோட்டுல குழாய்க்குப் பள்ளம் வெட்டியிருக்காங்க, வண்டி நுழையாது. ரயில்வே கேட் பக்கம் வந்து பின்வாசல்ல திரும்புங்க" என்றாள். காலையில் நடந்து வந்தபோது கண்ணால் பார்த்த பள்ளம் அது. உடனே வாட்ச்மேனுக்குப் பேசிப் பின்வாசலைத் திறக்கச் சொன்னாள். மின்சார ஆள் கிருஷ்ணப்பா தன் அறையில் இல்லை. அந்த நேரத்துக்கு அவர் கேண்டீனில் இருப்பார் என்று அங்கே பிடித்து, கிடங்கின் மெயின் சுவிட்சை அணைக்க வைத்தாள். மேனேஜர், பேக்கிங், டிஸ்பென்சரி என்று ஒவ்வொரு இணைப்பும் கை போன இடத்தில் சரியாக விழுந்தது. குரல் ஒருமுறைகூட உயரவில்லை.

இருபது கட்டு காகிதம் கருகியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

சாயங்காலம் வெங்கடராமன் போர்டு அறைக்கே வந்தார். "ஒரு மாசத்துல என்னம்மா செஞ்சீங்க?"

"தூங்கினேன் சார். சாப்பிட்டேன். நடந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அதைச் செய்யறது அவ்வளவு சுலபமில்ல சார்."

தபால் செக்ஷன் பேச்சை அவர் எடுக்கவில்லை. பிரிஜெட்தான் வேறொரு பேச்சை எடுத்தாள். மத்தியான இடைவேளைக்கு போர்டில் காந்தா உட்காருவது இதுவரை தயவில் நடப்பது; அதை ஆபீஸ் உத்தரவாகப் போட வேண்டும், காந்தாவுக்கு முறையாகப் பயிற்சியும் தர வேண்டும். வெங்கடராமன் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றார்.

அதற்குப் பிறகும் சில நாள் தலைக்குள் மூட்டம் வந்ததுண்டு. தூக்கம் கெட்ட நாளாக இருக்கும், அல்லது கஞ்சியை விட்ட நாளாக. ஆனால் அவள் பயப்படவில்லை. அதை எப்படி விரட்டுவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.