பொன்னுவேல் வாங்கிய கல்

எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது என்று தெரிந்தால் போதும், "அப்ப ரத்தினம் உங்க ரத்தத்துலயே இருக்கு" என்று டூரிஸ்டுகள் கண்ணை விரிப்பார்கள். எங்கள் தாத்தா அங்கே பறித்தது தேயிலை. கல் தேய்க்கவும் வெள்ளியில் பதிக்கவும் நான் ஜெய்ப்பூரில் இரண்டு வருடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். இப்போது மலைமேல் வட்டக்கானலில் ஒற்றை அறை, ஒரு சாணைச் சக்கரம், 'மேனகா' என்று வாசலில் ஒரு பலகை. முதலாளியும் நான்தான், கூட்டிப் பெருக்குகிறவளும் நான்தான்.

விசாலாட்சி அக்கா பழனி அடிவாரத்தில் பூக்கடை வைத்திருப்பவர். போன வாரம் பஸ் ஏறி வந்து, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்தார். புளியங்கொட்டை அளவு, சாம்பல் நிறம், மேலே நன்றாக உப்பியிருந்தது.

"எங்க வீட்டுக்காரவுக வாங்குனதுங்க. போன தையில தவறிட்டாக. மோதிரமாப் போட்டுக்கிறேன். ஆனா மேல தட்டையாத் தேச்சிருங்க, பூக்கட்டுறப்ப நூலு மாட்டும்."

"என்ன கல்லுன்னு சொன்னாருக்கா?"

"உள்ள நட்சத்திரம் இருக்குன்னுவாக." அக்கா சிரித்தார். "கூழாங்கல்ல வாங்கி ஏமாந்துட்டு ஒரு கதை. பொன்னுவேலு நட்சத்திரம்னு ஊரே கேலி பண்ணுச்சு. நானுந்தான்."

நட்சத்திரக் கல் என்று ஒன்று உண்டு. படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. ட்யூப் லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கண்ணாடித் துண்டைக் கொடுத்துவிட்டு வைரம் என்பார்கள். இந்தக் கதைகளைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க மூடுபனி, வெயிலே இல்லை. செவ்வாய் மதியம் கல்லைக் குச்சி நுனியில் அரக்கு வைத்து ஒட்டி, சக்கரத்தை ஓட்டினேன். கல் பட்டுக் கிர்ரென்றது. அடுத்த நொடி கரண்ட் போய்விட்டது. இந்த மலைக் கரண்டை நான் திட்டாத நாளில்லை. அன்றும் வாய் நிறையத் திட்டினேன். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க, போன் டார்ச்சைப் போட்டுக் குனிந்தேன்.

கல்லின் உச்சியில் ஆறு கால் நட்சத்திரம் ஒன்று நின்றது.

போனை நகர்த்தினேன். அதுவும் கூடவே வழுக்கி வந்தது. வெள்ளை வெளேரென்று ஆறு கோடுகள், மண்ணுக்குள் எத்தனை லட்சம் வருடம் யாருக்கும் தெரியாமல் கிடந்தனவோ! எனக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. ஒற்றை வெளிச்சத்தில்தான் இது தெரியும், ட்யூப் லைட்டில் கரைந்துவிடும். படித்ததுதான், நேரத்துக்கு நினைவு வரவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் பூனைகூட இல்லை. அந்த உப்பலைத் தட்டையாக்கியிருந்தால் நட்சத்திரமே போயிருக்கும். நல்லவேளை, சக்கரம் முதலில் பட்டது ஓரத்தில்.

மூன்று மணிக்கு அக்கா வந்தார். கரண்ட் இன்னும் வரவில்லை.

"அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று ஓரத்துக் கீறலைக் காட்டினேன். பிறகு டார்ச்சை அடித்தேன்.

கல்லை வாங்கினார், என் போனையும் வாங்கிக்கொண்டார். இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"வாங்கியாந்த அன்னைக்கி அவுகளும் டார்ச்ச அடிச்சுக்கிட்டு, 'விசாலாட்சி, வந்து பாரு, வந்து பாரு'ன்னு கூப்பிட்டாக. சோலி கெடக்குன்னு நான் எந்திரிக்கவே இல்லீங்க. மறுக்கா அவுக கூப்பிடவே இல்ல."

"தட்டையாக்க வேண்டாம்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

"தொடாதீங்க. நூலு மாட்டுனா மாட்டட்டும்."

அக்கா எழுந்து வாசலுக்குப் போனார். முந்தானையால் கல்லுக்கு நிழல் கட்டி, டார்ச்சைப் பிடித்தபடி, எதிர் டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏங்க, செத்த வந்து பாருங்க! எங்க வீட்டுக்காரவுக வாங்குன கல்லு! வந்து பாருங்க!"

பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.